ஹாலில் உட்கார்ந்து பதம் சொல்ல முடியாது

கேள்வி: என் மாமியாருக்கு 79 வயது. தீபாவளிக்கு அதிரசம், மருந்து, கார்த்திகைக்குப் பொரி உருண்டை, மார்கழியில் திருவாதிரைக் களி என்று ஒன்றுவிடாமல் செய்தவர். அவருக்குப் பிறகு இவையெல்லாம் மறைந்துவிடக் கூடாது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கப் பார்க்கிறேன். ஆனால் அளவு கேட்டால் ஒரு நாள் ஒன்றுக்கு முக்கால் வெல்லம் என்கிறார், இன்னொரு நாள் ஒன்றுக்கு ஒன்று என்கிறார். கடைசியில் "பதம் பார்த்துப் போடு" என்று முடித்துவிடுகிறார். அவர் சொன்னபடி போன வருஷம் செய்த அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேஸை மூடாமல் வந்துவிட்டார் என்பதால் அவரைச் சமையலறைப் பக்கம் விடுவதில்லை. ஹாலில் உட்கார வைத்துக் கேட்டுத்தான் எழுதுகிறேன். மறதியா, அல்லது மகளுக்கு மட்டும் சரியாகச் சொல்லிவிட்டு என்னிடம் மறைக்கிறாரா? நீங்களாவது சரியான அளவு சொல்லுங்களேன். — வாசகி, திருச்சி

பதில்: கேஸை மூடாமல் வந்ததையும், அதனால் அவரைச் சமையலறைக்குள் விடாததையும் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் மறதியா, மறைக்கிறாரா என்று கேட்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டி மேலே போக முடியவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் அடுப்படியில் நின்றவரை இரண்டு வருஷமாக ஹாலில் உட்கார வைத்திருக்கிறீர்கள். மாவைக் கண்ணில் காட்டாமல், பாகை விரலில் தொட விடாமல், டிவி ஓடும் அறையில் நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்து "எத்தனை கிராம்?" என்று கேட்கிறீர்கள். அவர் என்ன சொல்வார்?

அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசவில்லை. அதிரசத்துக்கு ஒன்றுக்கு முக்கால் வெல்லமும் சரி, ஒன்றுக்கு ஒன்றும் சரி. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, லேசான ஈரம் இருக்கும்போதே இடிக்கிறோம் அல்லது அரைக்கிறோம். அந்த ஈரம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது. மழை நாளில் ஒரு விதமாகக் காயும், வெயில் நாளில் ஒரு விதமாகக் காயும். புது அரிசி, பழைய அரிசி என்று வேறுபாடு உண்டு. வெல்லம் அதைவிட மோசம். ஒரு வெல்லத்தில் மண் இருக்கும், ஒன்று இளகிக் கிடக்கும். இத்தனையும் மாறும்போது அளவு மட்டும் எப்படி மாறாமல் நிற்கும்? "எந்த வெல்லம், எந்த அரிசி?" என்று நீங்கள் சொல்லாததால் அவர் மனத்தில் அன்றைக்கு எந்த தீபாவளி வந்ததோ அந்த தீபாவளியின் அளவைச் சொல்லியிருக்கிறார்.

"பதம் பார்த்துப் போடு" என்று அவர் சொன்னதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொண்டீர்கள். அதுதான் அவர் கொடுத்த செய்முறை. பாகைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் நிற்க வேண்டும், விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரியும். தாண்டிவிட்டால் பல் உடையும். நடுவில் இருப்பது ஒன்றிரண்டு நிமிஷம். அந்த நிமிஷத்தை விரல்தான் சொல்லும், அந்த விரலை நீங்கள் ஹாலில் வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கேஸ் விளையாட்டில்லை, தனியாக அடுப்பைப் பற்றவைக்க விடாதீர்கள். ஆனால் தனியாக விடாமல் இருப்பது வேறு, உள்ளேயே விடாமல் இருப்பது வேறு. ஒரு ஆபத்துக்குப் பயந்து ஒரு மனுஷியின் மொத்த வேலையையும் பிடுங்கிவிட்டு, "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று சொல்லும் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். என் கண்ணுக்கு அது கவனிப்பாகத் தெரியவில்லை. வீட்டுப் பெரியவருக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அவர் கைக்கு ஒரு வேலை கொடுப்பதும் கடமைதான். அந்த வேலையை எடுத்துக்கொண்ட பிறகு அதன் குறிப்பை மட்டும் எழுதித் தரச் சொல்வது, என்னைக் கேட்டால், அவமரியாதை. நீங்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று தெரியும். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தரமாவது யோசித்தீர்களா?

மகளுக்கு மட்டும் சொல்லியிருப்பார் என்ற சந்தேகத்துக்கு ஒரே பதில்: உங்கள் நாத்தனாருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அவரிடமும் "பதம் பார்த்துப் போடு" என்றுதான் சொல்லியிருப்பார்.

அப்புறம், கடிதம் முழுக்க உங்கள் கணவரைக் காணோம். அம்மா அவருடைய அம்மா, சாப்பிட்டு வளர்ந்தது அவர். குறிப்பெடுக்கும் கவலை மட்டும் ஏன் மருமகளுடையதாக ஆனது? அம்மா சமையலறையில் இருக்கும் நேரமெல்லாம் அடுப்புப் பக்கம் நின்று, வேலை முடிந்ததும் சிலிண்டரை மூடுவது அவர் பொறுப்பு. லீவு நாளில் முடியாது என்று சொல்ல மாட்டார் என நம்புகிறேன்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கைப்பிடி வைத்த ஒரு நாற்காலியைச் சமையலறையில், அடுப்பிலிருந்து தள்ளி, மேடைக்குப் பக்கத்தில் போடுங்கள். நெருப்பு வேலை உங்களுடையது, மற்றதெல்லாம் அவருடையது. அரிசி காய்ந்தது போதுமா என்று கையில் அள்ளிப் பார்ப்பது அவர். அரைத்த மாவைப் பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிர்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான். பாகு கிளறுவது நீங்கள். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு அவர் கையில் கொடுங்கள். அவர் "இறக்கு" என்றதும் இறக்குங்கள், வாதாடாதீர்கள்.

அளவு வேண்டுமா? மாவுப் பாத்திரத்தை எடை மெஷினில் வையுங்கள். பாகில் மாவைப் போட்டுக்கொண்டே வந்து, போதும் என்று அவர் கையை எடுத்தபின் மறுபடி பாருங்கள். எவ்வளவு குறைந்ததோ அதுதான் அன்றைய அளவு. அதை அப்படியே எழுதாதீர்கள். எந்தக் கடை அரிசி, என்ன வெல்லம், மழையா வெயிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவர் "ஒரு டம்ளர்" என்றால் எந்த டம்ளர் என்று கேட்டு, அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

போன வருஷம் பிரிந்துபோனது என்றீர்களே, அப்போது அவரைக் கூப்பிட்டீர்களா? கூப்பிட்டிருந்தால் மிச்ச மாவில் கொஞ்சம் அரிசி மாவைச் சேர்த்துப் பிசையச் சொல்லியிருப்பார். இறுகிப்போயிருந்தால் பால் தெளிக்கச் சொல்லியிருப்பார். கெட்டுப்போனதைச் சரிசெய்வது எந்தச் செய்முறைப் புத்தகத்திலும் முழுசாக இருக்காது. உங்கள் நோட்டில் அதற்குத்தான் அதிகப் பக்கம் போக வேண்டும்.

ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் எல்லாப் பண்டிகையும் வெல்லத்தைச் சுற்றித்தான் வருகிறது, பதம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. அதிரசத்துக்கு மெத்தென்ற உருண்டை. தீபாவளி மருந்துக்கு சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வெல்லத்தோடு சுருண்டு, நெய் ஓரத்தில் பிரிந்து, கையில் ஒட்டாமல் வர வேண்டும். கார்த்திகைப் பொரி உருண்டைக்குப் பாகை உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று கேட்க வேண்டும். திருவாதிரைக் களிக்குப் பாகே வேண்டாம், வெல்லம் கரைந்து, வடிகட்டி, கொதித்தால் போதும். வறுத்து உடைத்த அரிசி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதில்தான் அங்கே சூட்சுமம். பொங்கலுக்கு வெல்லத்தின் பச்சை வாசனை போனால் சரி. ஒரு குளிர்காலம் அவர் பக்கத்தில் நின்றால் இந்த ஐந்தும் உங்கள் கைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடிக்கப் பார்க்காதீர்கள்.

என்னிடம் அளவு கேட்டீர்கள். தர மாட்டேன். என் அளவு என் வீட்டு அரிசிக்கு, உங்கள் வீட்டில் கேட்க ஆள் இருக்கிறார்.

இந்த வாரமே கால் கிலோ அரிசிக்கு மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். சாமான் வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாவுக்கு ஏற்ற பச்சரிசி எது, பாகு வெல்லம் எது என்று மூட்டையைப் பார்த்துச் சொல்வதற்கு அவருக்கு கேஸ் அடுப்பு தேவையில்லை.