எடை குறையவில்லை என்றால், உடற்பயிற்சி பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"மூன்று மாதமாகக் காலையில் நடக்கிறேன், வாரத்தில் சில நாள் டம்ப்பெல் எடுக்கிறேன், எடை 71 கிலோவிலேயே நிற்கிறது, விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். வேண்டுமானால் எடை பார்ப்பதைச் சில மாதங்களுக்கு நிறுத்திவையுங்கள்.

எலும்பு, தசை, கொழுப்பு, குடலில் கிடக்கும் சாப்பாடு, உடம்பில் தங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டித்தான் எடை இயந்திரம் ஒரு எண்ணைக் காட்டுகிறது. இவற்றில் எது கூடியது, எது குறைந்தது என்று அதற்குத் தெரியாது. புதிதாகப் பயிற்சி தொடங்கியவரின் தசைகள் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தை முன்பைவிட அதிகமாகச் சேமிக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி நீர் கோத்து எடை ஏறும். கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒரு கிலோ கூடியிருந்தால் பலரும் பதறிப்போகிறார்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். ஒரு பந்தியில் அது நடக்காது. ஏறியதில் பெரும்பகுதி உப்பு பிடித்துவைத்த தண்ணீரும் இன்னும் செரிக்காத சாப்பாடும்தான்.

நம் ஊர் உடம்புக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கதி உண்டு. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனேவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 22.3. யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடல் கொழுப்பு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் சர்க்கரை நோய் வந்த உறவினர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் எடையைவிட வயிற்றுச் சுற்றளவைப் பாருங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. இன்னும் எளிதான கணக்கு, சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது. உங்கள் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள், எட்டினால் நல்லது. அளக்கும் இடம் முக்கியம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. காலையில் சாப்பிடுவதற்கு முன், மாதம் ஒரு முறை போதும்.

பேன்ட் அளவை மட்டும் நம்பாதீர்கள். தொப்பை வளர வளர நம் ஆண்கள் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக்கொண்டே போகிறார்கள். அதனால் கல்லூரியில் போட்ட 34 அளவே ஐம்பது வயதிலும் பொருந்துகிறது. அரைஞாண் கயிறு கட்டியிருப்பவருக்கு அது இறுகுவதும் தளர்வதும் உடனே தெரியும், ஆனால் அதுவும் கீழே இறங்கி உட்காரக்கூடியதுதான். டேப்பால் அளப்பதே சரி.

அடுத்தது, உடம்பால் என்ன செய்ய முடிகிறது என்ற பதிவு. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். நான் திருச்சியில் இருக்கிறேன். என் சோதனைக்களம் மலைக்கோட்டை. உச்சிப்பிள்ளையார் இருக்கும் குன்றின் உயரம் 83 மீட்டர், அது மாறப்போவதில்லை. கீழிருந்து மேலே போக எவ்வளவு நேரம், வழியில் எத்தனை இடத்தில் நின்றேன், ஏறும்போது கூட வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்ததா, இந்த மூன்றையும் குறித்துக்கொள்வேன். உங்கள் ஊரில் குன்று இல்லாவிட்டால் அடுக்குமாடிப் படிக்கட்டே போதும், எப்போதும் அதே படிக்கட்டாக இருக்க வேண்டும். மேலே போனதும் நாடித்துடிப்பை எண்ணுங்கள், ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். முதல் நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. 12 துடிப்பு அல்லது அதற்குக் குறைவாகவே இறங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் மரண அபாயம் கூடுதலாக இருந்தது என்று 1999இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவை துடிப்பையே அடக்கிவைக்கும்.

தசை வலுவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எத்தனை தண்டால், எத்தனை பஸ்கி, எத்தனை கிலோ டம்ப்பெல், எத்தனை முறை என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். சுவரைத் தள்ளிச் செய்த தண்டால் மேசை விளிம்புக்கு வந்து, பிறகு தரைக்கு வந்தால் அது பெரிய முன்னேற்றம். முதல் சில வாரங்களில் தசை பருக்காமலேயே வலு கூடும், நரம்புகள் தசை இழைகளை நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது அது. கண்ணாடியில் அந்த மாற்றம் தெரியாது, நோட்டில் தெரியும்.

என் அம்மாவுக்கு 62 வயது. அவருக்கு வைத்தது நாற்காலிச் சோதனை. கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்பது. 60 முதல் 64 வயதுக்குள் பெண்கள் 12க்கும் ஆண்கள் 14க்கும் குறைவாக எழுந்தால் சராசரிக்குக் கீழே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அம்மா அந்த எல்லைக்கு வெகு கீழே இருந்தார். தினமும் சமையலறை நாற்காலியைப் பிடித்தபடி பயிற்சி செய்தார். அவருடைய எடை இன்றும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் மார்கழியில் வாசலில் உட்கார்ந்து புள்ளிக்கோலம் போட்டுவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து வந்தார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய செய்தி அந்த வருடம் இல்லை.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மின்னணு எடை இயந்திரங்களில் பணத்தைப் போடாதீர்கள். கால் வழியாகச் சிறு மின்சாரம் செலுத்திக் கணிப்பவை அவை, குடித்த தண்ணீருக்கேற்ப எண் மாறும். புகைப்படம் எடுப்பதானால் அதே இடம், அதே வெளிச்சம், மாதம் ஒன்று. சர்க்கரை இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் ஹெச்பிஏ1சி என்ற சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை உங்கள் உழைப்பை நன்றாகவே காட்டும்.

எடையைப் பார்த்தே ஆக வேண்டியவர்களும் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களைத் தினமும் எடை பார்க்கச் சொல்லியிருப்பார்கள், நீர் கோப்பதை அதில்தான் முதலில் பிடிக்க முடியும். முயற்சி எதுவும் இல்லாமல் எடை இறங்கினால் யாராக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் கேள்வியில் 71 கிலோ மட்டும்தான் இருக்கிறது. நாளைக் காலை உயரத்தையும் வயிற்றுச் சுற்றளவையும் அளந்து, இந்த மூன்று மாதத்தில் டம்ப்பெல் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோவுக்கு வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பயிற்சியில் எதை மாற்றலாம் என்று அதை வைத்துச் சொல்ல முடியும்.