ஹாம் (அமெச்சூர் ரேடியோ) கேள்வி – பதில்: பழைய கிட் வாட் மீட்டரை நம்பலாமா?

கேள்வி: கிட்டாக வாங்கி யாரோ கோத்த ஹீத்கிட் எச்எம்-102 பவர் / எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. எந்த ஆன்டெனாவை மாட்டினாலும் எஸ்.டபிள்யூ.ஆர். (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.1-ஐத் தாண்டுவதே இல்லை. அவ்வளவு நல்ல ஆன்டெனாக்களா?

பதில்: ஆன்டெனாவைப் பாராட்டும் முன் மீட்டரைச் சந்தேகியுங்கள். ரிஃப்ளெக்டட் பக்கம் (திரும்பி வரும் பவரை அளக்கும் பகுதி) செத்துக் கிடந்தாலும் முள் இதையேதான் காட்டும். சோதிப்பது சுலபம். ரிக்கிலிருந்து (ரேடியோவிலிருந்து) வரும் கேபிளையும் டம்மி லோடுக்கு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டருக்கு) போகும் கேபிளையும் சென்சார் பெட்டியில் இடம் மாற்றிச் செருகி, 10 வாட் விடுங்கள். இப்போது பவர் முழுக்க ரிஃப்ளெக்டட் பக்கம் காட்ட வேண்டும். முள் அசையவில்லையா, கோளாறு அங்கேதான்.

உள்ளே இருப்பது பொறியாளர் வாரன் புரூன் 1959-ல் விளக்கிய சுற்றின் வழிவந்தது. நடுக்கம்பி ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் நுழைந்து போகும். வளையத்தின் முறுக்கு கரன்ட்டின் மாதிரியையும், கண்டன்சர் பகுப்பான் வோல்ட்டேஜின் மாதிரியையும் எடுக்கும். இரண்டும் கூடினால் ஃபார்வர்டு (போகும் பவர்), கழிந்தால் ரிஃப்ளெக்டட். ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோடு. பக்கத்தில் விழுந்த இடியின் அதிர்ச்சியிலேயே இந்த டயோடுகள் போய்விடும்.

டயோடின் ஒரு காலைக் கழற்றிய பிறகே மல்டிமீட்டரில் பாருங்கள். போர்டில் இருக்கும்போது முறுக்கும் ரெசிஸ்டர்களும் குறுக்கே நின்று தவறாகக் காட்டும். ஜெர்மானியம் டயோடு என்றால் 0.2 முதல் 0.35 வோல்ட் காட்ட வேண்டும். ஒன்று கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். 1என்34ஏ (ஜெர்மானியம் டயோடு) பத்து வாங்கி, அளந்து, ஒத்த ஜோடியைப் பொறுக்கிக்கொள்வது நல்லது. சால்டர் செய்யும்போது காலை முதலைக் கிளிப்பால் கவ்விப் பிடியுங்கள், ஜெர்மானியம் சூடு தாங்காது. அவசரத்துக்கு 1என்4148 (சிலிக்கன் டயோடு) போடாதீர்கள். சிலிக்கனுக்கு 0.6 வோல்ட் வந்தால்தான் உயிர் வரும். சின்ன ரிஃப்ளெக்டட் சிக்னலை அது விழுங்கிவிட, மறுபடியும் பொய்யான 1.1 வந்து நிற்கும். இதே காரணத்தால் நல்ல டயோடு இருந்தாலும் 2, 3 வாட்டில் எடுத்த அளவை நம்பக் கூடாது.

கேள்வி: டயோடு மாற்றிய பிறகு என்ன அட்ஜஸ்ட்மென்ட்?

பதில்: நல்ல 50 ஓம் டம்மி லோடு இல்லாமல் டிரிம்மரை (திருப்பிச் சரிசெய்யும் சின்னக் கண்டன்சரை) தொடாதீர்கள். 1 கிலோஓம், 2 வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் 20-ஐ பேரலலாகக் கோத்தால் 50 ஓம், 40 வாட்; கால்களைக் குட்டையாக வெட்டுங்கள். வயர்வவுண்ட் வேண்டவே வேண்டாம், அது சுருள்.

28 மெகாஹெர்ட்ஸில் 30 வாட் விட்டு, ரிஃப்ளெக்டட் முள் அடிமட்டத்துக்கு இறங்கும் வரை டிரிம்மரைத் திருப்புங்கள். பிளாஸ்டிக் திருப்புளிதான் வேண்டும். இரும்புத் திருப்புளியை எடுத்ததும் அளவு நகர்ந்துவிடும். பெட்டியின் மூடியைப் போட்டுவிட்டு இன்னொரு முறை பாருங்கள். பிறகு 3.5 மெகாஹெர்ட்ஸிலும் சோதியுங்கள். டிரிம்மரால் முள் இறங்கவே மாட்டேன் என்றால் முறுக்கின் குறுக்கே உள்ள ரெசிஸ்டர்களை அளங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு ஏறிவிடும், ஜோடி பிசகிவிடும்.

வாட் அளவையும் சரிபார்க்கலாம். டம்மி லோடின் குறுக்கே 1என்4148 (இங்கே அது போதும்), 0.01 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வைத்து டிசி அளங்கள். 10 வாட்டுக்குச் சுமார் 31 வோல்ட் வர வேண்டும். 14 வாட்டைத் தாண்டினால் அந்த டயோடின் 75 வோல்ட் வரம்பு மீறப்படும்.

கேள்வி: 100 வாட் ரிக், ஆனால் எஸ்.எஸ்.பி.-யில் (ஹாம்கள் குரல் அனுப்பும் முறை) பேசும்போது 30 வாட்தான் காட்டுகிறது.

பதில்: ரிக்கில் கோளாறு இல்லை. முள்ளும் சுற்றும் சராசரியைத்தான் காட்டும், பேச்சின் உச்சத்தை அல்ல. கேரியரில் (பேச்சில்லாத சீரான சிக்னலில்) 100 காட்டினால் போதும். மைக் கெயினை ஏற்றி முள்ளைத் துரத்தினால் சிக்னல்தான் கரகரக்கும்.

கேள்வி: முள் பாதியில் ஒட்டிக்கொள்கிறது.

பதில்: முதலில் முன்பக்க பிளாஸ்டிக்கைப் பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு விட்ட ஈரத்துணியால் துடையுங்கள், பாதி நேரம் காரணம் நிலைமின்சாரம்தான். பிறகும் ஒட்டினால் காந்த இடைவெளியில் இரும்புத்தூள் இருக்கலாம். மூவ்மென்ட்டை (முள்ளை நகர்த்தும் காயில் உள்ள பகுதியை) மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் சோதிக்காதீர்கள், காயில் எரியும். 1.5 வோல்ட் பேட்டரியோடு 100 கிலோஓமைத் தொடராக வைத்தால் 15 மைக்ரோஆம்ப்பியர். முள் அசைகிறதா என்று அறிய அது போதும்.

கேள்வி: எல்லாம் சரிசெய்தும், ஆன்டெனாவையே கழற்றிவிட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். 3 மட்டுமே. மறுபடி டயோடா?

பதில்: இல்லை, கேபிள். மொத்த இழப்பு 3 டெசிபல் உள்ள கேபிளில், திறந்த முனைக்குக்கூட ரிக் பக்கம் 3:1 தான் தெரியும். போகும்போது பாதி, திரும்பும்போது மிச்சத்தில் பாதி தொலைந்துவிடுகிறது. சென்சாரை டம்மி லோடோடு கேபிளின் மறுமுனைக்குக் கொண்டுபோய் அங்கே எத்தனை வாட் வந்து சேர்கிறது என்று பாருங்கள்.