‘சரிங்க’ என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கே கொழுந்து எடுக்க வேண்டும் என்று காலையில் விளக்கமாகச் சொல்கிறேன். எல்லாரும் ‘சரிங்க’ என்கிறார்கள். மதியம் போய்ப் பார்த்தால் வேறு தேயிலைக் காட்டில் நிற்கிறார்கள். எனக்குப் பேசத் தெரியவில்லையோ? பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேரலாமா?

பதில்: வகுப்புக்குக் கட்டும் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. சிக்கல் அந்த ‘சரிங்க’வில் இருக்கிறது. பனி கொட்டும் காலையில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு உங்கள் எதிரே நிற்கிற அக்காவுக்கு அது ‘காதில் விழுந்தது’ என்று இருக்கலாம், ‘புரிந்தது’ என்று இருக்கலாம், ‘நேரமாச்சு, ஆளை விடுங்க’ என்றும் இருக்கலாம்.

நான் தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில் ஒருநாள் டிரைவரிடம், “லாரியைக் கீழே கொண்டு போங்கண்ணே” என்றேன். நான் சொன்ன ‘கீழே’ தோட்டத்தின் கீழ்க் கொட்டகை. மலைக்காரர்களுக்குக் ‘கீழே’ என்றால் மலையடிவாரத்து மேட்டுப்பாளையம்! அவரும் “சரி தம்பி” என்று கிளம்பிவிட்டார். வழியில் பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான், மேட்டுப்பாளையம் போய் யாரைப் பார்ப்பது என்ற யோசனை வந்து கடை போனிலிருந்து கூப்பிட்டார். அதற்குள் கொட்டகையில் குவித்த கொழுந்து சூடேறிச் சிவந்துபோயிருந்தது. திட்டு எனக்குத்தான். நியாயமான திட்டு.

அன்று ராத்திரி அப்பா சிரித்தார். அவர் மலை ரயிலில் பிரேக்ஸ்மேன், அதாவது பெட்டியில் நின்று பிரேக் போடுகிறவர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. முதல் பெட்டியில் நிற்கிற பிரேக்ஸ்மேன் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார், அடுத்த பெட்டிக்காரர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்டுவார், அப்படியே டிரைவர் வரைக்கும் போகும். “கொடி காட்டிட்டா என் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சியா? பின்னால இருக்கிறவன் கொடி எழும்புச்சான்னு திரும்பிப் பார்க்கணும்டா” என்றார்.

நீங்களும் திரும்பிப் பாருங்கள். ஆனால் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள். அதற்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. “இன்னைக்கு எங்கிருந்து ஆரம்பிக்கப் போறீங்கக்கா?” என்று ஒருவரைக் கேளுங்கள். அவர் கையை நீட்டிக் காட்டுகிற திசையிலேயே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். தமிழ் தெரியாத வடநாட்டு ஆட்கள் இருந்தால் கூடவே நடந்து போய் முதல் நிரையைக் காட்டிவிட்டு வாருங்கள். அப்புறம் ஒன்று: திரும்பக் கேட்கிறவர்மேல் ஒரு தடவை எரிந்து விழுந்தீர்கள் என்றால், மறுநாளிலிருந்து யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் தோட்டத்தில் அது ஏற்கெனவே நடந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கேள்வி: பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 குரலும் உடல்மொழியும் என்று இன்டர்வியூ பயிற்சியில் சொன்னார்கள். உண்மையா? (கல்லூரி மாணவி, ஊட்டி)

பதில்: இல்லை அம்மா. ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியல் ஆய்வாளர் 1967-ல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒற்றை வார்த்தையை வெவ்வேறு குரலில் கேட்க வைத்தும், முகப் படங்களைக் காட்டியும், பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். வார்த்தை ஒன்று, குரலும் முகமும் வேறொன்று சொன்னால் நாம் எதை நம்புகிறோம் என்பதுதான் அங்கே விஷயம். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். நம் நீலகிரிப் படுகர் சமூகத்து நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சுற்றிலும் படுகு மொழி. உங்கள் சார் கணக்குப்படி எனக்கு 93 சதவீதம் புரிந்திருக்க வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டது மட்டும் புரிந்தது.

கேள்வி: சென்னையில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் எது கேட்டாலும் ‘ம்’ என்றே பதில் போடுகிறான். கோபமா என்று தெரியவில்லை. (ஒரு தாய், குன்னூர்)

பதில்: எழுத்தில் குரல் கிடையாது, அதனால் அந்த ‘ம்’முக்கு உங்கள் கவலையின் குரலைக் கொடுத்துப் படிக்கிறீர்கள். ‘சாப்பிட்டியா?’ என்றால் ‘ம்’ தான் வரும். வாசலில் காட்டெருமை வந்து நின்றால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். குன்னூரில் அதற்கா பஞ்சம்? அவனே கூப்பிடுவான். படத்தை ஜன்னலுக்கு உள்ளே நின்றே எடுங்கள்.