குசினிக்குள் கொசு

கேள்வி: ரீச்சர், மாம்பழக் காலம் தொடங்கியதில் இருந்து எங்கள் குசினி முழுக்கக் கொசு. நுளம்பு இல்லை, பழத்தை மொய்க்கிற சின்னக் கொசு. மூலையில் இதரை வாழைக்குலை ஒன்றும் தொங்குகிறது. பூச்சி மருந்து அடித்தேன். இரண்டு நாள் குறைந்தது, பிறகு பழையபடி. மாமி சாம்பிராணி போடச் சொல்கிறா. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. என்ன செய்யலாம்?
- வாசகி, கோண்டாவில்

பதில்: பிள்ளை, முதலில் அந்த மருந்தை எடுத்து வையுங்கள். கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிற குழந்தை இருக்கும் வீட்டில், அதுவும் குசினிக்குள், அது வேண்டவே வேண்டாம். பறக்கிற கொசுவைத்தான் அது கொல்லும். பழத்துக்குள் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் இரண்டு நாளில் திரும்பி வந்தது. சாம்பிராணியும் அப்படித்தான். புகை இருக்கும் வரைக்கும் விலகி நிற்கும், அவ்வளவுதான்.

விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் இந்தக் கொசுவை ஒரு போத்தலுக்குள் விட்டு வகுப்புக்குக் கொண்டு போவேன். மூன்று மில்லிமீற்றர் நீளம், சிவப்புக் கண். பெயர் ட்ரொசோபிலா. பிறப்புரிமையியல் ஆராய்ச்சிக்காக 1933இல் நோபல் பரிசு பெற்ற மோர்கன் வளர்த்ததும் இதைத்தான். ஆராய்ச்சிக்கு இது தோதாக இருந்ததற்கு ஒரு காரணம், இது பெருகுகிற வேகம். ஒரு பெண் கொசு வாழ்நாளில் 400, 500 முட்டை வரை இடும். 25 பாகை செல்சியஸில் முட்டை கொசுவாக மாறப் பத்து நாள் போதும். எங்கள் வெயிலுக்கு அதுவும் தேவையில்லை.

ஆகவே கொசுவைப் பிடிப்பதை விட, அது பிறக்கிற இடத்தைத் தேடுங்கள். இதை நான் பட்டுத்தான் படித்தேன். போன வருடம் கறுத்தக்கொழும்பான் ஒரு பெட்டி வந்தது. வைக்கோல் போட்டுப் பழுக்க வைத்தேன். கொசு வந்தது. வினாகிரி வைத்துக் காலையில் பார்த்தால் முப்பது, நாற்பது செத்துக் கிடக்கும். ஆனால் ஒரு கிழமை போயும் குறையவில்லை. கடைசியில் அரிசி வாளியை இழுத்துப் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஒரு மாம்பழம் உருண்டு போய்க் கூழாகிக் கிடந்தது. பக்கத்துச் சுவரில் எள்ளிலும் சின்னதாய், தவிட்டு நிறத்தில் கூடுகள் ஒட்டியிருந்தன. புழு கூடு கட்டுகிற நேரத்தில் ஈரத்தை விட்டு இப்படிக் காய்ந்த இடத்துக்கு ஏறி வரும். பழத்தை எறிந்து, சுவரைச் சுடுதண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் எங்கள் வீட்டில் கொசு நின்றது.

நீங்களும் இன்றைக்கே தேடுங்கள். வெங்காயக் கடகத்தின் அடி, உருளைக்கிழங்குப் பை, ஈரமாய்க் கிடக்கிற துடைக்கிற துணி, குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த சோடாப் போத்தல், குப்பை வாளி. வாளியின் உள்பக்கத்தை மட்டும் கழுவினால் காணாது. விளிம்பிலும் மூடியிலும்தான் கூடு இருக்கும். பாத்திரம் கழுவுகிற தொட்டியின் துளையைத் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் துளையில் இருந்து மயிர் படிந்த செட்டையோடு சாம்பல் நிறப் பூச்சி வந்தால், அது வேறு இனம். பழத்தில் பழி போடாதீர்கள்.

இதரைக் குலைக்கு வருவோம். பழுத்து வெடித்த தோலிலும் காம்படியிலும்தான் முட்டை இடும். பழுத்த சீப்பை உடனே வெட்டி எடுங்கள். மிச்சக் குலையைப் பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டுங்கள். நுளம்பு வலையைக் கட்டாதீர்கள், அதன் கண்ணுக்குள்ளால் இந்தக் கொசு புகுந்துவிடும். பழுத்த மாம்பழத்தைக் கழுவித் துடைத்துப் பிரிட்ஜில் வையுங்கள். குளிரில் முட்டை பொரிக்காது.

இவ்வளவும் செய்த பிறகுதான் பொறி. ஒரு கிண்ணத்தில் மூன்று மேசைக்கரண்டி தென்னங்கள்ளு வினாகிரி, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் திரவம் இரண்டு துளி. வினாகிரி மணத்துக்கு வந்து உட்காருகிற கொசு, சவர்க்காரம் கலந்ததால் மேலே நிற்க முடியாமல் அமிழ்ந்துவிடும். இரண்டு துளிக்கு மேல் விட்டால் சவர்க்கார வாசம் வினாகிரியை மூடிவிடும். புளித்த மணம்தான் இதற்கு அழைப்பு. எங்கள் ஐயா பிளாவில் கள்ளுக் குடிக்கும்போது, மேலே மிதக்கிற கொசுவை ஊதி ஒதுக்கிவிட்டுத்தான் வாய் வைப்பார். பக்கத்தில் பழம் திறந்து இருந்தால் பொறிக்கு அவ்வளவாக வராது. கிண்ணத்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருக்கால் மாற்றுங்கள்.

மாம்பழத்தை வெட்டும்போது உள்ளே நெளிகிற வெள்ளைப் புழு இந்தக் கொசுவின் பிள்ளை இல்லை. அது இதைவிடப் பெரிய பழ ஈ, மரத்திலேயே தோலைக் குத்தி இட்ட முட்டையில் இருந்து வருவது. வளவில் மாமரம் இருந்தால், விழுந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கிவிடுங்கள். விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும்.

இந்தக் கொசு கடிக்காது. ஆனால் குப்பையில் இருந்த காலோடு குழந்தையின் சோற்றிலும் வந்து உட்காரும், அதனால் சாப்பாட்டை மூடி வையுங்கள். ஏற்கெனவே கூட்டுக்குள் இருப்பவை இன்னும் சில நாளைக்கு வெளியே வரும். அதைப் பார்த்து மனம் விடவேண்டாம். இரண்டு கிழமை கழிந்தும் குறையாவிட்டால் இன்னொரு இடம் தப்பியிருக்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால், அடியில் தண்ணீர் வடிகிற தட்டை ஒருக்கால் இழுத்துப் பாருங்கள்.