பத்திரமும் பனங்கொட்டையும்

ஐயா,

எனக்கு 36 வயது. குரூப் 2, குரூப் 4 என்று பன்னிரண்டு வருடமாகத் தேர்வு எழுதுகிறேன். கடைசியாக ஒன்றரை மதிப்பெண்ணில் போனது. ஒவ்வொரு டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும் வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறேன்; மூன்று முறை எரேமியா 29:11 வந்தது, நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற வசனம். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு விசுவாசம் போதாது என்கிறார் போதகர். வேளாங்கண்ணிக்கு நடந்து போகலாம் வா என்கிறான் நண்பன். இந்த வருடமும் அட்டை எடுக்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

தாள்வாரியாக நீங்கள் போட்டிருந்த மதிப்பெண் கணக்கை எல்லாம் நீக்கிவிட்டுத்தான் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். ஒன்றரை மதிப்பெண்ணில் கர்த்தருடைய சித்தத்தைத் தேடுகிற வேலை ஜாதகக் கட்டம் பார்ப்பதைவிடக் கேவலம். வேளாங்கண்ணிக்கு நடந்தால் காலுக்கு நல்லது, போய்வாருங்கள். போதகர் சொன்னதை மறந்துவிடுங்கள். அவர் ஒரு தேர்வும் எழுதப்போவதில்லை.

ஆனால் எரேமியா என்று எழுதிவிட்டீர்கள். பத்து நாளாக அந்த மனுஷனோடுதான் இருக்கிறேன்.

உங்கள் அட்டையில் இருப்பது ஒரு கடிதத்தின் ஒரு வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. அதற்கு முந்தைய வசனத்தை யாரும் அட்டையில் போடுவதில்லை. எழுபது வருஷம் ஆகும் என்கிறது அது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் அநேகமாக எல்லோரும் அங்கேயே சாகப்போகிறவர்கள். அவர்களிடம் வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு என்கிறார். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். பாபிலோனுக்குப் போனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். ஜனங்களுக்கு அவனைத்தான் பிடித்திருக்கும், சந்தேகமே இல்லை. எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் அர்த்தத்தில் நம் கையில் கொடுக்கிறார்கள், தம்பி. இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்! தலையாட்டிவிட்டு, போகும்போது அட்டை எடுத்துக்கொண்டு போவார்கள்.

இன்னும் மூன்று அதிகாரம் தள்ளிப் படியுங்கள். ஏறக்குறைய கி.மு. 587. எருசலேமைச் சுற்றிப் பாபிலோனியப் படை. எரேமியா காவலில் இருக்கிறார். பெரியப்பா மகன் வந்து, ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி கூடாரம் போட்டிருக்கும் ஊரில் எவனாவது நிலம் வாங்குவானா? இவர் வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம், சாட்சிக் கையெழுத்து, முத்திரை, எதிலும் குறை வைக்கவில்லை. வெகுகாலம் கெடாமல் இருக்க வேண்டும் என்று பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். நகரம் விழுந்தது. கடைசியில் அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு கத்தரிச் செடி வைத்ததாகக்கூட வேதத்தில் இல்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாதான் ஞாபகம். ஒரு பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருடம் வாத்தியாராக இருந்தார். பணி நிரந்தரம் என்று சொல்லிச் சொல்லியே ஏமாற்றினார்கள். வழக்குப் போட்டார், தோற்றார். தீர்ப்பு வந்தது ஒரு புரட்டாசி மாதம். எங்களுக்குத் தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரமாக ஒன்றுக்கும் உதவாத செம்மண் துண்டு ஒன்று உண்டு. மறுநாள் ஒரு சாக்கில் பனங்கொட்டையும் தோளில் கடப்பாரையுமாக என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். வரப்பு நெடுகக் குழி போட்டார், நான் கொட்டை எடுத்துக் கொடுத்தேன். நாற்பத்து மூன்று. அந்த வழியாக வந்த மாமா ஒருவர், “தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான். தெரியுமா வாத்தியாரே?” என்றார். அப்பா, “பாத்துட்டுச் சாவோம்” என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

ஜெபமும் பண்ணவில்லை. அதுவரை தினமும் பண்ணியவர், அதற்கப்புறம் ஐந்தாறு மாதம் கோயில் பக்கமே போகவில்லை. அம்மா அழுதாள். ஆனால் அந்த வரப்புக்கு மட்டும் போய்க்கொண்டே இருந்தார்.

பனை ஆணா பெண்ணா என்று பாளை விட்டால்தான் தெரியும். அப்பா அதைப் பார்க்காமலே போய்விட்டார். அவர் போய் எட்டு வருடம் கழித்து ஒரு மரம் முதல் பாளை விட்டது. ஆண்பனை.

உங்கள் கேள்விக்கு வரவே இல்லை, இல்லையா? அட்டை எடுத்தால் எடுங்கள். எடுத்ததை மாதாமாதம் நோண்டிப் பார்க்காதீர்கள். நானும் நோண்டியவன்தான். பனங்கொட்டை முதலில் மண்ணுக்குள்தான் இறங்கும், மேலே ஒன்றும் தெரியாது. முளைக்கவே இல்லை என்று நினைத்து, மார்கழியில் அப்பாவுக்குத் தெரியாமல் மூன்றைத் தோண்டிவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு முழ நீளத்துக்குக் கிழங்கு. அப்பா பார்த்தார், அடிக்கவில்லை. அம்மா மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துக் கொடுத்தாள். நல்ல ருசி. வரப்பில் அந்த மூன்று இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.