மணி விரிசல் விடுவது கடல் காற்றாலா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஒன்றரை ஆண்டாக வீட்டு மொட்டைமாடியில் கேஸ் டார்ச் சுடரில் கண்ணாடி மணி செய்து புதுச்சேரியில் ஒரு கடைக்குக் கொடுத்து வருகிறேன். செய்த அன்று நன்றாக இருக்கும் மணி இரண்டு மூன்று வாரத்தில் விரிசல் விடுகிறது. சில மணிகள் ஓட்டைக்குக் குறுக்கே நேராகப் பிளக்கின்றன. சிலவற்றில் நீலமும் வெள்ளையும் சேரும் கோட்டிலேயே வெடிப்பு ஓடுகிறது. உப்புக்காற்றுதான் காரணம் என்கிறார் கடைக்காரர். செய்ததும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள் நிரப்பிய டப்பாவில் புதைத்துத்தான் ஆறவைக்கிறேன். என்னிடம் கற்றுக்கொண்ட இரண்டு பெண்களுக்கும் இதே தொல்லை. அதில் ஒருவர் என் டிசைனையே என்னைவிடக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார். அவர்களுக்கு உதவ ஆசைதான். என் பிழைப்பும் நடக்க வேண்டுமே. என்ன செய்யலாம்?

பதில்: உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும். மூன்று வாரத்தில் கண்ணாடியைப் பிளக்காது. உங்களிடமிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அந்த ஆற்றங்கரையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்த கண்ணாடி மணிகள் முழுசாக வெளியே வந்தன. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்களை வைத்திருக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே கிடைத்த கண்ணாடி மணிகளில் பெரும்பாலானவை நாம் செய்வதுபோல் சுடரில் கம்பியின் மேல் சுற்றியவை அல்ல. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை. பெரும்பாலானவை கடுகு, மிளகு அளவுதான். அவ்வளவு சின்ன மணி உள்ளும் புறமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஆறிவிடும். உங்கள் மணி நெல்லிக்காய் அளவு இருந்தால் அப்படி ஆறாது.

உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. இரண்டு விதமான விரிசலைச் சொல்லியிருக்கிறீர்கள். அவை இரண்டு வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு.

குறுக்கே நேராகப் பிளப்பது சரியாக ஆறாததால் வருவது. சுடரிலிருந்து எடுத்ததும் மணியின் மேல்புறம் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகுதான் ஆறிச் சுருங்கும். ஏற்கெனவே இறுகிய தோல் அதற்கு இடம் கொடுக்காது. அந்த இழுப்பு மணிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. என்றைக்கோ ஏ.சி. அறைக்குள் கொண்டுபோகும்போதோ, கோர்க்கும்போது மேசையில் லேசாகத் தட்டும்போதோ அது வெளியே வரும். வெர்மிகுலைட் இதைத் தீர்க்காது. மாடித்தோட்டத்துக்கு நர்சரியில் விற்கும் அந்தப் பொருள் சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். மணி சூளைக்குப் போகும்வரை உயிரோடு இருக்க உதவும். சூளைக்கு அது மாற்று ஆகாது.

தேவை மின்சூளையில் ஆற்றிப் பதப்படுத்துவது. பட்டறையில் ஆனீலிங் என்கிறோம். 104 என்று விற்கும் மென் கண்ணாடிக் குச்சிக்கு (அந்த எண் எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்) நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. ஆறிப்போன மணிகளை மெதுவாக, மணிக்கு 200 டிகிரிக்கு மேல் போகாமல், 510 டிகிரி செல்சியசுக்கு ஏற்றுவேன். அங்கே ஒரு மணி நேரம் நிறுத்துவேன். பிறகு மணிக்கு 55 டிகிரி வீதம் 370 வரை இறக்குவேன். இதற்கே இரண்டரை மணி நேரம் ஆகும். அதன்பின் சூளையை அணைத்துவிடலாம். ஆனால் கதவை மறுநாள் காலையில்தான் திறக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். கதவைத் தொடாமல் விட்டுவிட்டு, கரண்ட் வந்ததும் முழுச் சுற்றையும் முதலிலிருந்து ஓட்டுங்கள். இரண்டு முறை பதப்படுத்துவதால் மணிக்குக் கேடு எதுவும் இல்லை.

காற்றைக் குற்றம் சொல்ல ஒரே ஓர் இடம் உண்டு. மொட்டைமாடியில் திறந்தவெளியில் உட்கார்ந்தால், பிற்பகல் கடல் காற்று எழும்பும்போது சுடர் சாய்ந்து மணியின் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிரும். கம்பியில் இருக்கும்போதே அப்படி அடிபட்ட மணியைச் சூளையும் காப்பாற்றாது. காற்று வரும் பக்கம் ஒரு தடுப்பு வையுங்கள். எல்லாப் பக்கமும் அடைத்துவிடாதீர்கள்: புகை வெளியேற வழி வேண்டும், கேஸ் கசிந்தால் காற்றைவிடக் கனமான அது தரையில்தான் தேங்கும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும். விற்பனைக்குச் செய்வதால் வீட்டு உபயோக சிலிண்டர் கூடாது. வணிக சிலிண்டர் வாங்குங்கள்.

இனி நீலமும் வெள்ளையும் சேரும் கோடு. இது கண்ணாடிகளுக்குள் ஒத்துப்போகாத நோய். ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் விரியும் அளவு வேறு. 104, 96, 90 என்று குச்சிகளுக்கு எண் போடுவது அதற்காகத்தான். எண் வேறுபட்ட இரண்டும் ஒரே மணியில் சேர்ந்தால், ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது குறைவாகச் சுருங்கும். எவ்வளவு நேரம் சூளையில் வைத்தாலும் இது சரியாகாது. எண் தெரியாத மலிவுக் குச்சியை வாங்கிக் கலந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாட்டில் கண்ணாடியைக் கலந்தாலும் இதே கதைதான். பாட்டிலில் மணி செய்யலாம், அழகாகவே வரும். ஆனால் ஒரு மணிக்கு ஒரே பாட்டில். பக்கத்துப் பாட்டிலைக்கூடச் சேர்க்கக் கூடாது.

குச்சிகள் ஒத்துப்போகுமா என்று டார்ச்சிலேயே பார்த்துவிடலாம். இரண்டு குச்சிகளின் நுனியையும் பக்கம்பக்கமாக ஒட்டி உருக்குங்கள். கலக்கிவிடாமல், ஒரு பாதி நீலமும் ஒரு பாதி வெள்ளையுமாகவே மெல்லிய நூலாக ஒரு முழம் இழுங்கள். நேராகப் பிடித்தபடியே ஆறவிட்டு, நடுத்துண்டை உடைத்து மேசையில் வையுங்கள். நேராகக் கிடந்தால் இரண்டும் சேரும். வில்லாக வளைந்தால் சேராது. உள்வளைவில் இருக்கும் நிறம்தான் அதிகம் சுருங்குவது. ஐந்து நிமிட வேலை. புதுக்குச்சி வாங்கும் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

ஒளி ஊடுருவும் மணியாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. மடிக்கணினித் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துகொண்டு, போலராய்டு குளிர்கண்ணாடியைக் கண் முன் பிடித்துத் திரை கருக்கும்வரை திருப்புங்கள். நடுவில் மணியைக் காட்டுங்கள். நன்றாகப் பதப்பட்ட மணி கிட்டத்தட்ட இருட்டாகவே இருக்கும். உள் இழுப்பு உள்ளதில் ஓட்டையைச் சுற்றி வெளிச்சத் திட்டுகள் மின்னும். கடையில் இப்போது இருக்கும் உங்கள் மணிகளைத் திரும்ப வாங்கி முதலில் இப்படிப் பாருங்கள். ஒரே எண் குச்சியில் செய்து இன்னும் விரிசல் விடாதவற்றைச் சூளையில் வைத்து மீட்டுவிடலாம். எண் கலந்தவை விற்பனைக்கு ஆகாது. மனம் வலிக்கும், தெரியும். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் கழுத்தில் அது உடையக் கூடாது.

சூளைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அங்கேதான் பதில் இருக்கிறது. மூன்று பேரும் சேர்ந்து ஒரு சின்ன மின்சூளை வாங்குங்கள். மூன்று பேரின் ஒரு வார மணியும் ஒரே சுற்றில் அடங்கிவிடும். யாருடையது எது என்று குழம்பாமல் இருக்கக் கார்த்திகைக்கு வாங்கிய அகல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: எண்ணெய் படாத, நன்றாகக் காய்ந்த அகல். அடியில் ஆணியால் ஒருவருக்கு ஒரு கோடு, ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு மூன்று கீறி, கம்பியிலிருந்து கழற்றிய மணிகளை அதில் பரப்பிச் சூளைக்குள் வையுங்கள். ஓட்டைக்குள் ஒட்டிய களிமண் பூச்சைத் தண்ணீரில் நனைத்துத்தான் சுரண்ட வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தத் தூள் உலர்ந்து நுரையீரலுக்குள் போகக் கூடாதது.

நான் தொழில் தொடங்கிய காலத்தில் என்னிடமும் சூளை கிடையாது. என்னைவிட மூத்த ஒரு கைவினைஞர் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் சூளையின் ஓர் ஓரத்தை எனக்கு ஒதுக்கினார். மின்கட்டணம் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்து, தன் மணிகளை என் மாலைகளில் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு பேருக்கும் அதில் வியாபாரம் நடந்தது. நீங்களும் அப்படிச் செய்யலாம். ஒருவர் பூ மணியில் தேர்ந்தவராக இருப்பார், ஒருவர் வெறும் உருண்டையைப் பிசிறில்லாமல் போடுவார். ஒருவர் மாலைக்கு மற்றவர் மணியை வாங்குங்கள். குச்சியையும் நிறத்துக்கு ஒரு கிலோவாகச் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால், மூவரிடமும் ஒரே எண் கண்ணாடி இருக்கும். கலப்புத் தொல்லையும் போகும்.

விலையைக் குறைத்துக் கொடுக்கும் அந்தப் பெண்ணிடம் கோபப்படாதீர்கள், கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு மணிக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு கேஸ், எவ்வளவு குச்சி, சூளைச் செலவு எவ்வளவு, கடைக்காரர் கமிஷன் எவ்வளவு என்று ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். தன் உழைப்புக்கு அவர் கூலியே போடவில்லை என்பது அப்போது அவருக்கே தெரியும். இதற்குக் கீழே விற்பதில்லை என்று மூவரும் ஒரு விலையை முடிவு செய்துகொள்ளுங்கள். டிசைன் விஷயத்தில் மட்டும் நேராகவே பேசிவிடுங்கள். புள்ளி, கோடு, அலை, பூ இவை யாருக்கும் சொந்தமல்ல. கற்றுக்கொடுத்துவிட்டால் போடத்தான் செய்வார். ஆனால் உங்கள் நிறச் சேர்க்கை, அளவு, மாலை அமைப்பு எல்லாவற்றையும் அப்படியே எடுத்து அதே கடையில் வைப்பது சரியல்ல என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லும்போதே அவருக்கென்று ஒன்றைக் கண்டுபிடிக்க உதவுங்கள். அவர் கை எந்த நிறத்துக்குப் போகிறது, எந்த வடிவம் அவருக்கு எளிதாக வருகிறது என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த மணியில் அவர் பெயரெழுதிய சிறு அட்டையைக் கட்டி, அடுத்த முறை புதுச்சேரிக்குப் போகும்போது கடைக்காரரிடம் நீங்களே கொடுத்துவிட்டு வாருங்கள்.