குறி சுடாமல் மாட்டை மேய விடாதீர்கள்

தங்கச்சி, கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்து முடித்து, அடுத்த மாதம் ரொறன்ரோவில் வேலைக்குச் சேரப்போவதாக எழுதியிருந்தீர்கள். பழைய போர்த் தந்திரங்களைக் கொண்டு பெண்கள் வேலையிடத்தில் முன்னேறலாம் என்று தோழி ஒருத்தி சொன்னாளாம். அதனால் பழைய சீனப் போர்நூலான சுன் சூவின் 13 அதிகாரங்களையும் வாசிக்கிறீர்களாம். அது இங்கே உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர் உடுப்பை இங்கே வந்து வாங்குங்கள். வீட்டு வாடகை பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நெஞ்சில் தைத்த கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

வன்னியில் பிறந்த எனக்குப் போர் ஓர் உவமை அல்ல. பக்கத்து மேசைப் பெண்ணை எதிரி என்று சொல்ல வாய் கூசுகிறது. போரிடாமலே பணியவைப்பதுதான் மேல் என்று சுன் சூவும் சொல்கிறார். ஆனால் எனக்கு அவரைவிட, பழந்தமிழ்ப் பாட்டில் போரை வகுத்துச் சொல்லும் நம்முடைய புறத்திணைதான் கிட்ட நிற்கிறது. அதில் போர் மாட்டில் தொடங்குகிறது. வெட்சிப் பூச்சூடி ஆநிரை கவர்வார்கள், கரந்தை சூடி மீட்பார்கள். படையெடுத்துப் போகும் வஞ்சி, கோட்டையை வளைக்கும் உழிஞை, கோட்டையைக் காக்கும் நொச்சி, நேருக்கு நேர் பொரும் தும்பை எல்லாம் அதற்குப் பிறகுதான். வேலையிடத்திலும் முதலில் களவு போவது மாடுதான். நீங்கள் இராப்பகலாகச் செய்ததை இன்னொருவர் தன்னுடையதாக ஓட்டிக்கொண்டு போவார்.

நான் 1994 இல் வந்தேன். ஒட்டுசுட்டானில் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் படித்தவள், இங்கே மூன்று வருடம் தொழிற்சாலையில் பெட்டி கட்டினேன். இரவு வகுப்பில் கணக்கியல் படித்து ஒரு நிறுவனத்தின் கணக்குப் பகுதிக்குப் போனேன். எந்த வாடிக்கையாளர் எத்தனை நாள் தாமதமாகப் பணம் கட்டுகிறார் என்று அங்கே ஓர் அட்டவணை செய்தேன். ஆறு வாரம் பிடித்தது. 60 நாளுக்கு மேல் பிந்தியவற்றுக்கு எல்லோரும் சிவப்புப் போடுவார்கள். நான் இளநெல்லின் பச்சையைத் தீட்டியிருந்தேன்.

மாத இறுதிக் கூட்டத்தில் என் மேற்பார்வையாளர் திரையில் ஓர் அட்டவணையைக் காட்டினார். அதே பச்சை. "சில வாரமாக நான் இதைச் செய்து பார்த்தேன்" என்றார். மேசைக்குக் கீழே என் கை நடுங்கியது.

அந்த இடத்தில் எழுந்து சத்தம் போடுவது தும்பை. அவர் பத்து வருடம் அங்கே இருந்தவர், நான் ஆங்கிலத்தை எண்ணி எண்ணிப் பேசிய புதியவள். விழுந்திருப்பவள் நான்தான். வினைவலி, தன்வலி, மாற்றான் வலி, துணைவலி நான்கையும் எடை போட்டுச் செய் என்று வள்ளுவர் சொன்னது இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான். அவர் முடிக்கும் வரை இருந்து கையை உயர்த்தினேன். "ஏழாவது வரியில் ஒரு திருத்தம் இருக்கிறது. ஒரு பற்றுச்சீட்டை நான் இரண்டு முறை சேர்த்துவிட்டேன். நேற்றிரவுதான் கண்டேன், திருத்திய பிரதி என்னிடம் இருக்கிறது" என்றேன். முகாமையாளர் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் அந்தக் கணக்கைக் கூட்டத்தில் வைத்தவள் நான்.

அன்று மீட்டேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் மீட்கும் நிலைக்கே நீங்கள் போகக் கூடாது. எந்த வேலையையும் கைமாற்ற முன்னர், என்ன செய்தேன், எப்போது முடித்தேன், இனி என்ன செய்யப்போகிறேன் என்று நாலு வரி மின்னஞ்சல் எழுதி இரண்டு பேருக்காவது அனுப்புங்கள். நல்ல யோசனையை வாய்ச்சொல்லாக விட்டுவிட்டு வந்தால் அது கட்டாக்காலி, கேட்பாரற்றுத் திரியும் மாடு. பிடித்தவர் பட்டியில் அடைந்துவிடும்.

"தலையைக் குனிந்து வேலை செய் பிள்ளை, பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள்" என்று நம்மவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்படிக் குனிந்தபடியே ஓய்வு பெற்ற பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் வேலை பழக்கிய பையன்கள் அவர்களுக்கே மேலதிகாரிகள் ஆனார்கள். ஊர்ச் சான்றிதழ் இங்கே செல்லாது என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. ஒன்ராறியோவில் பொறியியலாளர் உரிமம் பெறக் கனேடிய வேலை அனுபவம் வேண்டும் என்ற விதி 2023 இல் நீக்கப்பட்டது. அதை அறியாமல் தாங்கள் பட்ட பாட்டையே சட்டமாகச் சொல்கிறார்கள்.

பதவி கிடைத்த பிறகுதான் இன்னும் கவனம் வேண்டும். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தான். அதே வருடம் கற்சிலைமடுவில் தோற்றான். பெண்களில் பலர் உழிஞையில் வென்று நொச்சியில் தோற்கிறோம். மகப்பேற்று விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது, என் கணக்குகளில் பாதி இன்னொருவரின் மேசைக்குப் போயிருந்தது. விடுப்பு முடிந்தவருக்குப் பழைய வேலையையோ, அது இல்லாமற்போயிருந்தால் அதற்கு ஒப்பான வேலையையோ கொடுக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். எனக்கு அது அப்போது தெரியாது. இரண்டு வருடம் பின்னுக்குப் போனேன். சட்டமும் துணைவலிதான், வருகிற வாரமே வாசியுங்கள்.

கட்டாக்காலி என்று எழுதியதும் அப்பாவின் பட்டி கண்ணுக்குள் வந்துவிட்டது. கன்றின் காலைக் கட்டிச் சரித்து, பாலை விறகில் சிவக்கக் காய்ச்சிய கம்பியால் இடுப்பில் இரண்டு எழுத்து இழுப்பார். மயிர் கருகும் மணம் வளவெல்லாம் நிற்கும். நோகாதா என்று ஒருமுறை அழுதேன். "நோகும்தான். காலை இறுக்கிப் பிடி" என்றார். பிறகு எண்ணெய் தடவி, அது எழுந்து நிற்கும் வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

2010 இல் தம்பி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பினான். அப்பா அப்போது இல்லை. வீடும் இல்லை. காட்டோரத்தில் மெலிந்த பசு ஒன்று நின்றதாம். இடுப்பில் தழும்பு பாதி மூடிப்போயிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலால் தடவித்தான் அப்பாவின் எழுத்தை வாசித்தேன் என்று தொலைபேசியில் சொன்னான்.